முதல் கியரை நம்பி

ஐப்பசி 12, செவ்வாய்

டாக்டரின் பைக்கை, தானாகக் கியர் மாறும் ஆட்டோ கியர் வண்டியை, கராஜில் சர்வீஸ் முடித்து ஓட்டிப் பார்க்க என் வீட்டுக்காரர் வீடுவரை கொண்டுவந்தார். இந்தச் சரிவில் எல்லா பைக்கையும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவோம். அதே நினைப்பில் எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த வண்டிக்கு எஞ்சின் நின்றால் கியரும் விட்டுப்போகுமாம். தனியாகக் கைபிரேக் போட வேண்டுமாம்.

வண்டி ஸ்டாண்டிலிருந்து நழுவி உருண்டது. கீழே தண்ணீர் விழும் பீலியடியில் மகள் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் மோதி விழுந்தது.

"கியர்ல பிழை இல்ல, கைபிரேக் போடாதது என் பிழைதான். நம்பிக்கையான கியருன்னுதான் டாக்டர்கிட்ட சொல்லணும்," என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்வந்தார்.

எங்கள் பழைய பைக் வாசலில் முதல் கியரில்தான் நிற்கிறது. மனசு கேட்காமல் சக்கரத்துக்குக் கல் வைக்கப் போனேன்.

ஏற்கெனவே ஒரு கல் இருந்தது.