தறி நிற்கிற நேரம்

திருத்தணி,
ஆகஸ்ட் 1983

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு உன் நைனா எல்லப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே யாவரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, ஆனால் இந்தத் தடவை அப்படி எழுதிவிட்டு மற்றதை மறைக்க மனசு வரவில்லை. உடம்பளவில் நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். பயம்தான் பிடுங்கித் தின்கிறது. பிலாய் இரும்பாலையிலிருந்து லீவில் வந்திருக்கிற உன் கூட்டாளி வேடியப்பன் முந்தாநாள் வீட்டுக்கு வந்தான். நீ கொடுத்தனுப்பிய போர்வையைக் கொடுத்தான், காபி குடித்தான், உன் அம்மா உள்ளே போனதும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, அம்மா சாப்பிடுகிற நரம்பு மாத்திரையில் கொஞ்சம் நீ வாங்கி வரச் சொன்னதாகச் சொன்னான். கிரேனில் ஏறி உட்கார்ந்தால் உனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறதாம், கை வேர்த்து வழுக்குகிறதாம், அங்கே டாக்டரிடம் சொன்னால் வேலையை மாற்றி விடுவார்கள் என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லையாம். "அம்மாவாண்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா, அதையேதான் சொல்லிகினு இருந்தான்" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் அம்மாவுக்கு நெஞ்சு படபடப்பு, மாத்திரை சாப்பிடுகிறாள், பரவாயில்லை என்று போன கடிதத்தில் ஒரு வரிதான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு ஏதோ நல்ல மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாய். முழுதும் கேள். எதிர்வீட்டுப் பூவம்மாளின் புருஷன் தையில் நெஞ்சடைத்துத் திடீரென்று செத்துப்போனாரே, அன்றைக்குக் கரண்டு போய்த் தெருவில் எல்லாத் தறியும் நின்றிருந்தது, அந்த அமைதியில்தான் பூவம்மாள் அலறியது கேட்டது. அதற்கப்புறம் தறி நின்றாலே உன் அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ளும். தறிச் சத்தத்தில் அசந்து தூங்குகிறவள், சத்தம் நின்றால் பதறி எழுந்து தெருவுக்கு ஓடுவாள். "நெஞ்சு நின்னுடும்போல கீது" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள். அரக்கோணத்தில் நெஞ்சுக்குப் படம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். கடைசியில் மருந்துக்கடையில் சொல்லி ஒரு மாத்திரை வாங்கினேன். முதல் வாரம் அவள் தூங்கிய தூக்கத்தைப் பார்த்து எனக்கே அழுகை வந்தது. அப்புறம் ஒன்று இரண்டானது, இரண்டும் போதவில்லை. ஒரு மத்தியானம் நூல் சுற்றுகிற மிஷின் முன்னால் கண் சொருகி உட்கார்ந்திருக்கிறாள், முந்தானை பெல்ட்டில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறது, அவளுக்கு அது தெரியவே இல்லை. நான் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தேன். உன் கிரேனுக்கு அடியில் எந்நேரமும் ஆட்கள் நடந்துகொண்டிருப்பார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை நினைக்கும்போதெல்லாம் அந்த முந்தானைதான் என் கண்ணில் வந்து நிற்கிறது.

அன்றைக்கே பயந்துபோய் மாத்திரை எல்லாவற்றையும் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது, கை கால் நடுக்கம், பொட்டுத் தூக்கமில்லை. அப்புறம்தான் வேலூருக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே தேவசுந்தரி என்று ஒரு டாக்டரம்மா, என்னைப் பிடித்து ஒரு சத்தம் போட்டார். இந்த மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது, சட்டென்று நிறுத்தவும் கூடாது, நான் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். மாத்திரையே தப்பு என்று அவர் சொல்லவில்லை, ஆளைப் பார்த்து அளந்து கொடுக்க வேண்டியது என்றுதான் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார், அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. கரண்டு போகட்டும் என்று காத்திருக்காதீர்கள், தினமும் நீங்களாகவே தறியை நிறுத்துங்கள், பக்கத்தில் உட்காருங்கள், உங்கள் சம்சாரம் மூச்சை மெதுவாக இழுத்து விடட்டும், பயம் ஏறித் தானாக இறங்கும்வரை தறியை ஓட்டாதீர்கள் என்றார். நெசவுக்காரனைப் பார்த்துத் தறியை நிறுத்து என்கிறாரே, இதுவும் ஒரு வைத்தியமா என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தேன். உன் அம்மாதான் செய்துதான் பார்ப்போமே என்றாள். முதலில் காரியத்தைக் கெடுத்தது நான்தான். அவள் முகம் வெளுத்ததும் பொறுக்காமல் ஓடிப்போய் சுவிட்சைப் போட்டுவிடுவேன். தறி ஓடினால்தான் உயிர் தங்கும் என்று அவள் பயம் கெட்டிப்பட்டதுதான் மிச்சம். மறுபடி போனபோது டாக்டரம்மா, பயம் அவங்களுக்கா உங்களுக்கா என்று என்னையே கேட்டார். அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினேன். இப்போது தறி நின்றால் வேர்த்துப் போகிறாள், ஆனால் ஓடுவதில்லை. மாத்திரையும் பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது.

அதனால் உனக்கு மாத்திரை அனுப்ப மாட்டேன், பரந்தாமா, கோபித்துக்கொள்ளாதே. அவளுக்கு அளந்து கொடுத்ததை நீ வாயில் போட்டுக்கொண்டு அந்த உயரத்தில் ஏறினால், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. வேடியப்பன் நாளைக்கு அரக்கோணத்தில் ரயில் ஏறுகிறான், எலுமிச்சை ஊறுகாயும் முறுக்கும் இந்தக் கடிதமும் மட்டும் கொடுத்தனுப்புகிறேன். நான் அனுப்பாவிட்டால் நீ அங்கேயே ஏதாவது கடையில் வாங்கிவிடுவாயோ என்று ஒரு பயம். உன் அம்மாவிடம் சொன்னால் இத்தனை நாள் தேறியதெல்லாம் போய்விடுமோ என்று இன்னொரு பயம். நீ கேட்டது தெரிந்தால் தன் பங்கிலிருந்தே எடுத்து அனுப்பினாலும் அனுப்புவாள், பெற்றவள் இல்லையா, அதனால் மாத்திரை டப்பாவைத் தறிக் கொட்டகையில் நூல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வேளைக்கு நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இந்த இடத்துக்கு வரும்போது கரண்டு போய்விட்டது, தெருவே ஓய்ந்துவிட்டது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள், தெருப்பக்கம் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னா எழுதிகினு கீறீங்க இம்மா நேரமா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகம் வெளுத்துவிட்டது, என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. தறியும் நின்றிருக்கிறது, பிள்ளையைப் பற்றி இப்படிச் சேதி, இனி இவளை எப்படிப் பிடித்து நிறுத்துவேன் என்று எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவளோ மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன். "உயிரு போற மாதிரிதான் இருக்கும், அப்பால எறங்கிடும்டா கண்ணு, எனக்குத் தெரியும். ஒளிக்காத, போயி டாக்டராண்ட சொல்லு. கிரேன்லேர்ந்து எறக்கினா எறக்கட்டும். கீழ நின்னுகினு இருக்கிற புள்ள எனக்குப் போதும்."

இதை எழுதும்போதே கரண்டு வந்துவிட்டது, எல்லார் வீட்டிலும் தறி ஓட ஆரம்பித்துவிட்டது. நான் சுவிட்சைப் போட எழுந்தேன். உன் அம்மா விடவில்லை, பிள்ளைக்கு எழுதி முடியுங்கள், அப்புறம் ஓட்டலாம் என்று உட்கார்த்திவிட்டாள். தெருவில் நம் வீட்டுத் தறி மட்டும்தான் இப்போது நிற்கிறது.

மலையில் இருக்கிற முருகன் உனக்குத் துணையாக இருக்கட்டும். நான் கேட்டுக்கொண்டதில் வேடியப்பன் அங்கே வந்ததும் உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாக ஒத்துக்கொண்டிருக்கிறான், அதுவரை வயிற்று வலி என்று சொல்லியாவது லீவு போடு, மேலே ஏறாதே. பதிலில் சுகம் என்று ஒரு வார்த்தை எழுதி எங்களை ஏய்க்காதே. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

உன் நைனா,
எல்லப்பன்
(பக்கத்தில் உன் அம்மா கோமளவல்லி)