வலி நின்ற பல்

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் லவங்க வாசனை அடித்தது. பின் சீட்டில் ஒரு பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றைக்கு இன்று வலி கம்மி என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. ஆம்பூரில் இறங்கியதும் அவளை நேராகப் பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டு இதை எழுதுகிறேன்.

நம் ஷூ கம்பெனியில் ஒவ்வொரு தையல் மிஷினிலும் நூல் வெட்ட ஒரு குட்டிக் கத்தரி கட்டித் தொங்கும். நீ அதைத் தொட்டதே இல்லை. தைத்த தோலை வாய்க்குக் கொண்டுபோய், நைலான் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்ததை எடுப்பாய். அந்த வேகம் யாருக்கும் வராது. லைன் சூப்பர்வைசரான நான் கண்டித்திருக்க வேண்டும். எலி என்று கிண்டல் செய்ததோடு சரி. ஒரு நாள், ஏற்கெனவே சொத்தை விழுந்திருந்த கடைவாய்ப் பல்லிலிருந்து நொய் அளவு சில்லு பெயர்ந்து உன் உள்ளங்கையில் விழுந்தது.

பத்து நாளில், தண்ணீர் பட்டாலே துடித்தாய். பல் டாக்டரிடம் போக அரை நாள் லீவு கேட்டாய். உன்னை அனுப்பினால் லைன் படுத்துவிடும். முதலுதவிப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, "ஷிப்மென்ட் போவட்டும்க்கா, நானே கூட்டினு போறேன்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

அப்புறம் திடீரென்று வலி நின்றது. அன்று மதியம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, அதே பக்கத்தில் எலும்பைக் கடித்துக் காட்டினாய்.

"பாத்தியா, தானா சரியாய்டுச்சி."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஷிப்மென்ட் போனது, பல்லை இரண்டு பேரும் மறந்தோம். உள்ளே நரம்பு செத்துத்தான் வலி நின்றது என்று நமக்கு யார் சொன்னார்கள்?

சில வாரம் கழித்துத் தாடைக்குக் கீழே வீங்கியது. சுளுக்கு என்றாய். மறுநாள் காய்ச்சல், வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தாய். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் உன் மூச்சு இழுத்துக்கொண்டே வந்தது. என் கையை நீ விடவே இல்லை.

சீழ் கழுத்துக்குள் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். பல் உடைந்தவுடன் வந்திருந்தால் சுத்தம் செய்து அடைத்து அனுப்பியிருப்போம் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். இரண்டு நாள் போராடினார்கள். நீ போய்விட்டாய்.

உன் மகள் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கடைசி வரைக்கும் அம்மாவ நீங்கதான் சித்தி பாத்துக்கினீங்க" என்கிறாள். நீ அரை நாள் கேட்டதும் நான் தராததும் அவளுக்குத் தெரியாது. நீ அவளிடம் சொல்லாமலே போனாய். நானும் இன்னும் சொல்லவில்லை, அக்கா.