எனக்கும் ஒரு வீடியோ கேம்

அன்புள்ள நெல்சன் அப்பாவுக்கு,

கர்த்தர் தயவுல மஸ்கட்ல நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி கம்மியாச்சா? ஆம்பூர்ல மழையா? ஷூ கம்பெனியில ரொம்ப நேரம் நிக்காதீங்க.

போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். நெல்சனுக்கு அனுப்பின வீடியோ கேம் மாதிரியே எனக்கும் பழசு ஒண்ணு வாங்கினேன். போட்டதும் சூடாகி நின்னுடுச்சு. நானே திறந்து, உள்ள விசிறியில அடைச்சிருந்த தூசியெல்லாம் தொடச்சு மாட்டினேன். ஓடிடுச்சு!

வெள்ளிக்கிழமை லீவுல நெட் வழியா நெல்சன்கூட பேசிக்கிட்டே கார் ரேஸ் ஆடினேன். நான் தோத்துப்போனதும் அப்படிச் சிரிச்சான். நடுவுல அங்க உங்க அக்கா அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க.

"வர்றேம்மா"ன்னான்.

என்னைத்தான்னு நெனச்சு, "இன்னாடா கண்ணு?"ன்னேன்.

"உன்னை இல்ல. இங்க இருக்குற அம்மாவைச் சொன்னேன்."

அப்புறமும் ஆடினோம். அவனைத் திட்டாதீங்க. அக்காகிட்டயும் எதுவும் கேக்காதீங்க, பாவம், அவங்கதானே பாத்துக்கறாங்க.

கிறிஸ்துமஸுக்கு அவனுக்குச் சட்டை எடுக்கணும். அளவு எழுதி அனுப்புங்க. கடைக்காரர் வயசு கேட்டார், சொன்னேன். எவ்வளவு உயரம்னு கேட்டார். எனக்குத் தெரியல.

ட்யூட்டிக்குப் போற ஆஸ்பத்திரி பஸ் வந்துடுச்சு. வேளைக்குச் சாப்பிடுங்க.

உங்க
பிரிசில்லா