குண்டு போடுறவனுக்கும் செபம்

1991 ஜனவரி 9, புதன்

நான் கிறிஸ்தவளானது ஊருக்குத் தெரிந்துவிட்டது. காலையில் சங்கக்கடை வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவள் திரும்பி, "பூரணம், நீ வேதத்துக்குப் போயிட்டியாமே?" என்றாள். சத்தமாகத்தான் கேட்டாள். வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓம் என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை. என் முறை வந்தபோது சீனி முடிந்துவிட்டது என்றார்கள். பின்னால் நின்றவளுக்கு நிறுத்துக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

செபநாயகம் பாஸ்ரரின் வளவில், கிணற்றடித் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தது மார்கழியில். இவருக்கு, என் மனுசனுக்கு, முதலே சொல்லியிருந்தேன். "உன்ரை விருப்பம். அண்ணைக்குத் தெரிய வேண்டாம்" என்றார், அவ்வளவுதான். அவருடைய அண்ணைக்கு, என் அத்தானுக்கு, தெரியாமல் இந்த ஊரில் என்ன நடக்கும்? அம்மன் கோயிலே அத்தானின் பொறுப்பில். அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வளவு, ஒரே கிணறு. நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகுவேலி.

இரவு தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தோம்.

ஜனவரி 17, வியாழன்

அத்தான் வந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்து அடுப்படிக்குள் நின்றேன். அவர் விறாந்தையில் இருந்துகொண்டு, கெஞ்சுகிற குரலில் கதைத்தார். சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

"பூரணம், மலர் இயக்கத்துக்குப் போய் ஒரு வருசமாகுது. பிள்ளை உயிரோடை வரவேணும் எண்டு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சு ஒருநேரச் சாப்பாட்டோடை இருக்கிறன். இந்த வளவுக்குள்ளை ஒரு வீட்டிலை விளக்கு ஏத்திறது நிண்டால் அவள் பொறுப்பாளோ? என்ரை பிள்ளையின்ரை உயிரோடை விளையாடாதை."

அவருக்கு ஒரே மகள். எனக்குப் பிள்ளை இல்லை. சித்தி, சித்தி என்று என் பாயில்தான் வந்து படுப்பாள். பள்ளிக்கூடம் முடியும்வரை அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்.

"நானும் அவளுக்காகத்தான் செபிக்கிறன், அத்தான்" என்றேன். எழுந்து போனார்.

அவர் சொன்னதுபோல நடந்துவிட்டால்? இந்த நினைப்பு ஏன் வருகிறது? நான் விசுவாசிக்கிறேனா, இல்லையா?

ஜனவரி 25, வெள்ளி

மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மெசின் சாக்கு மூடிக் கிடக்கிறது. பழையபடி துலாவில்தான் இறைப்பு. துலாவில் ஏறி மிதிக்க அத்தானின் ஆட்கள், தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிக்க இவர், வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்ப நான். இன்று எங்கள் முறை. போய் நின்றால் ஒருவரும் துலாவில் ஏறவில்லை.

"கதிரவேலு, நீ உரித்துக்காரன், நீ வரலாம்" என்று இவரிடம் சொன்னார் அத்தான். "உவள் கிணத்தடிக்கு வரக்கூடாது. உவளை வீட்டை அனுப்பு, இப்பவே இறைப்பம்."

நான் போகிறேன் என்று திரும்பினேன். இவர் பட்டையை நிலத்தில் வைத்தார். எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்து வீட்டுக்குப் போய், இரண்டு தகரத்தையும் காவுதடியையும் எடுத்துக்கொண்டு தெருக்கிணற்றுக்குப் போனார். பொழுதுபட்டும் சுமந்தார். கால்வாசிப் பாத்திகூட நனையவில்லை.

எனக்காகச் செய்தாரா? அண்ணையில் கோபமா? இல்லை, என்னில் உள்ள கோபத்தை இப்படிக் காட்டுகிறாரா? கேட்கப் பயம்.

பெப்ரவரி 5, செவ்வாய்

இவர் இன்றும் கதைக்கவில்லை. தோள் தோலுரிந்திருக்கிறது. எண்ணெய் பூசப் போனேன், வேண்டாம் என்று கையால் காட்டினார்.

பெப்ரவரி 19, செவ்வாய்

செபக் கொட்டிலை எரித்துவிட்டார்கள். விடியப் போய்ப் பார்த்தேன். கிடுகெல்லாம் சாம்பல். நாங்கள் இருந்து செபிக்கும் வாங்குகள் அரைகுறையாய்க் கரியாகி நின்றன. பாஸ்ரரின் இடது கையில் ஈரச்சீலை சுற்றியிருந்தது. அவருடைய மனைவி லூர்த்தம்மா அக்கா சாம்பலைக் கிளறிக் கரண்டிகளைப் பொறுக்கினார்.

"ஆர் செய்தது எண்டு தெரியுமோ ஐயா?"

"தெரியும். அதை விடு, பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குக் கோவமே வராதோ?" என்று கத்திவிட்டேன்.

"வருது. நல்லா வருது. அதுதான் வாயைத் திறக்காமல் இருக்கிறன்."

திரும்பி வரும்போது ஒவ்வொரு வீட்டுப் படலை வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அடுத்தது எங்கள் வீடோ? எங்கடை கூரையும் கிடுகுதானே.

மார்ச் 1, வெள்ளி

அத்தான் படலைக்கு வெளியே நின்றபடி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். பாஸ்ரரை ஊரைவிட்டு அனுப்பப் போகிறார்கள். அதற்கு ஒரு காரணம் வேண்டுமாம்.

"நீ ஒண்டும் பெரிசாச் சொல்லத் தேவையில்லை. பால்மாவும் மண்ணெண்ணெயும் தந்து ஆசை காட்டினவர் எண்டு சொல்லு. திருநீறைப் பூசு. நாளைக்கே தண்ணி வரும்."

"சொல்லாட்டி?"

"கதிரவேலுவும் எங்களுக்கு இல்லை. அவன்ரை செத்த வீட்டுக்கும் ஒருத்தரும் வராயினம்."

அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தடுமாறியது. தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்.

மார்ச் 2, சனி

ஒரு பொய். ஒரே ஒரு பொய். எப்படியும் அவரை அனுப்பத்தான் போகிறார்கள். நான் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன? வெங்காயம் பிழைக்கும். இவரின் தோள் ஆறும். பாஸ்ரருக்கு இன்னோர் ஊர் கிடைக்கும். கர்த்தர் மன்னிக்கமாட்டாரா?

முழங்காலில் இருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

இவரிடம் கேட்டேன்: "இஞ்சருங்கோ, நான் என்ன சொல்லுறது?"

"அவையிட்டை வாங்கினனியோ?"

"இல்லை."

"பிறகென்ன என்னட்டைக் கேக்கிறாய்?"

இதற்கு என்ன அர்த்தம்? யோசித்து யோசித்துத் தலையிடி.

மார்ச் 3, ஞாயிறு

எழுதிவிட்டால் மனப்பாரம் குறையும்.

மண்டபம் நிறைய ஆட்கள். பெண்கள் தூண்பக்கம் நின்றார்கள். என் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற சண்முகநாதன் வாத்தியார்தான் தலைமை. அவரிடம்தான் நான் எழுதப் படித்தேன். மரியாதையாகத்தான் கேட்டார்.

"பிள்ளை, பயப்பிடாமல் சொல்லு. உனக்கு அந்த ஆள் என்ன தந்தவர்?"

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்ரர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். இவர் எங்கே என்று தேடினேன். கடைசியில், வாசல் நிலையோடு சாய்ந்து நின்றார்.

"ஒண்டும் தரேல்லை, சேர்" என்றேன்.

"பால்மா?"

"இல்லை."

"அப்ப ஏன் போனனி?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கார்த்திகையில் சுன்னாகம் சந்தைக்குப் போய் வரும் வழியில் குண்டுபோடும் பொம்மர் வந்ததைச் சொன்னேன். ஓடிப்போய் விழுந்தது பாஸ்ரர் வளவுப் பங்கருக்குள். ஆரெவர் என்று கேளாமல் இடம் தந்தார்கள். பிளேன் தலைக்குமேல் குத்திக்கொண்டு வரும்போது பாஸ்ரர் எங்களுக்காகச் செபித்தார். பிறகு, "மேலை பறக்கிற அந்தப் பிள்ளையையும் மன்னியும், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்" என்று செபித்தார்.

"எனக்குச் சின்ன வயதிலை இருந்து எல்லாத்துக்கும் பயம், சேர். அண்டைக்கு அதைக் கேட்டவுடனை பயம் விட்டுப்போச்சு. இப்பிடி மன்றாட ஒருத்தர் சொல்லிக் குடுத்திருந்தால் அவரை அறியவேணும் எண்டு நினைச்சன். அதுக்குத்தான் போனனான்."

உண்மையைச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தேன். நான் ஒரு மொக்கி.

"குண்டு போடுறவனுக்கு மன்றாடினவையோ?" என்று ஒரு குரல். பிறகு எல்லாக் குரலும். "எங்கடை பிள்ளையள் சாகுதுகள், உவை அவனுக்கு மன்றாடினவையாம்!" அத்தான் முகத்தில் இரத்தமே இல்லை. "என்ரை மகளைக் கொல்லுறவனுக்கோ?" என்று மட்டும் கேட்டார். என்னைப் பார்த்துத்தான்.

வாத்தியார் கையை உயர்த்தியும் சத்தம் அடங்கவில்லை. கிழமை முடியுமுன் பாஸ்ரர் குடும்பம் ஊரைவிட்டுப் போகவேண்டும் என்று தீர்ந்தது. வாசலைப் பார்த்தேன். இவர் அங்கே இல்லை.

தனியாக நடந்து வந்தேன். என்ரை வாயாலைதானே அவையை விரட்டினன்? பொய் சொன்னாலும் விரட்டியிருப்பேன், உண்மை சொல்லியும் விரட்டிவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

இவர் தோட்டத்துக் கொட்டிலிலேயே படுக்கிறார். என்னை என் அண்ணை வீட்டுக்கு அனுப்பப் போகிறாரோ? உடுப்பை மடித்து வைத்தேன். பிறகு எடுத்துக் கொடியில் போட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

மன்னிப்புக் கேட்கப் போனேன். லூர்த்தம்மா அக்கா மாட்டுவண்டிலில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். குருநகரில் பிறந்து, அங்கிருந்தும் ஷெல்லுக்கு ஓடிவந்தவர். மூட்டை கட்டுவது அவருக்குப் புதிதில்லை. நான் அழுதேன்.

"ஏன் அழுறாய்? நீ பொய் சொல்லியிருந்தால் நாங்கள் பால்மா குடுத்த ஆக்களாய்ப் போயிருப்பம். இப்ப செபிச்ச ஆக்களாய்ப் போறம்" என்றார்.

சாவகச்சேரியில் ஒரு விசுவாசியின் வீட்டில் கூடப் போகிறார்களாம். இங்கே நான் மட்டும். என்னோடு செபத்துக்கு வந்த மற்றவர்கள் பயந்து திருநீறு பூசிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் எவ்வளவு கிட்டப் போய்வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் இவர் விறாந்தையில் இருந்தார். மடியில் சோற்றுக்கோப்பை. தானே போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். எனக்கும் ஒரு கோப்பை மூடி வைத்திருந்தது.

மார்ச் 27, புதன்

பாத்தியில் வெங்காயம் கிண்டி எடுத்தோம். பாதிக்குமேல் கருகல். மிச்சம் விரல்நுனி அளவு. சந்தையில் ஒருவர் இவரிடம், "மனிசியின்ரை சாமி தண்ணி ஊத்தேல்லையோ?" என்று கேட்டாராம். இவர் சொல்லவில்லை. வேறு ஆள் வந்து சொன்னது.

ஜூலை 14, ஞாயிறு

ஆனையிறவில் பெரிய சண்டை. காற்றுத் திரும்பும்போது சத்தம் இங்கும் கேட்கிறது. சண்டையில் செத்தவர்களின் பெயர் சொல்ல ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்தாலே ஊர் உறைந்துவிடுகிறது. இன்று யாரின் பெயர்?

பின்னேரம் வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு அசைவு. செல்வநாயகி அக்கா, மலரின் தாய். பொங்கலுக்குப் பிறகு இன்றுதான் என்னோடு கதைக்கிறார். கிடுகுக்குள்ளால் கண் மட்டும் தெரிந்தது.

"நீ மலருக்காகக் கேக்கிறனியோ?"

"ஒவ்வொரு நாளும், அக்கா."

"இன்னும் கேள். நல்லாக் கேள். அவருக்குச் சொல்லிப்போடாதை."

விரலை வேலிக்குள்ளால் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரின் கையும் குளிர்ந்திருந்தது.

ஜூலை 24, புதன்

மலர் இல்லை.

ஜூலை 26, வெள்ளி

பெட்டியைத் திறக்க விடவில்லை. முகம் பார்க்கவில்லை.

போகவா வேண்டாமா என்று விடியவிடிய யோசித்தேன். என்னாலைதான் எண்டு சொல்லுவினம். சொல்லட்டும். என் பிள்ளையும்தானே. போனேன். முற்றத்தில் ஒப்பாரி சட்டென்று நின்றது. யாரோ, "உவள் விளக்கை நிப்பாட்டினாள், அங்கை குலவிளக்கே அணைஞ்சு போச்சு" என்றார்கள். எழுந்த அத்தான் என்னிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

இவர் நடுவில் வந்து நின்றார். இத்தனை பேருக்கு முன்னால் இவர் கதைத்து நான் கேட்டதில்லை.

"அண்ணை, இந்தப் பிள்ளைக்காக நீங்கள் ஒருநேரச் சாப்பாட்டோடை இருந்தியள். இவளும் பட்டினி கிடந்து கேட்டவள், நான் பாத்தனான். ரெண்டு பேருக்கும் கிடைக்கேல்லை. இதுக்கு மேலை இவளை என்ன செய்யப் போறியள்?"

அத்தான் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அக்கா என்னைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு குளறினார். நானும்.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

செபிக்க வாய் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கேட்டேனே. அந்தப் பிளேன்காரனுக்குத் தாய் இருப்பாள் என்றால், மலருக்குத் தாய் இல்லையா? என்ன செவி உமது?

விட்டுவிடலாம். இப்போது விட்டால் ஊரும் சந்தோசப்படும். ஆனால் விட்டுவிட்டு யாரிடம் போய் இதைக் கேட்பது? கடைசியில் கர்த்தரிடமே சண்டை பிடித்து அழுதேன். வேறு செபம் இல்லை.

செப்டெம்பர் 8, ஞாயிறு

விடிந்ததும் சயிக்கிளைத் துடைத்தார். பின் கரியலில் ஒரு சாக்கை மடித்துக் கட்டினார்.

"எங்கை?" என்றேன்.

"சாவகச்சேரிக்கெண்டு நித்திரையிலை வாய் பிசத்திறாய். ஏறு."

பின் ஒழுங்கையால் போவார் என்று நினைத்தேன். நேரே கோயிலடித் தெருவில் விட்டார். நான் கரியலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கோயில் வாசலில் அத்தான் நின்றார். தாடி எடுக்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டார். இவர் காலை ஊன்றி நிறுத்தினார்.

"எங்கை போறியள்?"

"சாவகச்சேரிக்கு. இவளுக்குச் செபம்."

அத்தான் தெருவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "உந்தப் புத்தூர் வெளியிலை ஒதுங்க மரமில்லை" என்றார். "பொம்மர் வாற நேரத்துக்கு முன்னம் தாண்டிப்போடுங்கோ."

வெளி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். ஒன்றும் வரவில்லை.

சாவகச்சேரியில் ஒரு சின்ன அறை. பாஸ்ரர் வாசலுக்கு வந்து இவரை உள்ளே கூப்பிட்டார். "இல்லை ஐயா, நான் இதிலை நிக்கிறன். சயிக்கிளைக் களவெடுத்துப் போடுவாங்கள்" என்றார். சன்னலால் பார்த்தேன். வேப்பமரத்தின் கீழ், எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மலரின் பெயரைச் சொல்லி, அவளுடைய தாய் தகப்பனுக்காகச் செபிக்கும்படி கேட்டேன். எல்லோரும் செபித்தார்கள். நான் அழுதேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில், மேட்டில் இறங்கித் தள்ளும்போது கேட்டார்:

"வாற ஞாயிறும் இந்த நேரம்தானோ?"

"ஓம்" என்றேன்.