வலக்கோடியிலிருந்து பார்க்க வேண்டிய நாற்பத்தொரு தாள்கள்

அனுப்புநர்:
அ. சனாவுல்லா, வயது 25,
லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா,
த/பெ (காலஞ்சென்ற) அப்துல் சுக்கூர்,
பேகம்பூர், திண்டுக்கல், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு சப் கலெக்டர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: என் அண்ணன் அ. மீரான் (வயது 29) ‘கொலை நோக்கமுள்ள அபாயகரமான மனநோயாளி’ என்று 1960ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்டது - அதற்குச் சாட்சியம் சொன்னவன் நானே - என் சாட்சியம் தவறு - வழக்குப் பொருளாக உள்ள 41 படத் தாள்களை எரிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பி, பதிவைத் திருத்தக் கோருவது - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பிறர்மீது புகார் சொல்லவே வழக்கமாக மனு எழுதுவார்கள். இந்த மனுவில் முதல் எதிரி நான். மற்றவர்களைப் பற்றியும் சொல்வேன், அது பிறகு. இம்மாதம் 30ஆம் தேதி எரிக்கப்பட வேண்டிய பழைய வழக்குப் பொருள்களின் பட்டியலில் பதினேழாவது இனமாக ‘கிறுக்கல் தாள்கள், 41’ என்று இருக்கிறது. அவை கிறுக்கல் அல்ல. அதைத் தாங்கள் நம்பும்படி எழுத எனக்குப் பன்னிரண்டு நாட்களே உள்ளன.

2. என் அண்ணன் தோல் பதனிடும் ஷாப்பில் கட்டுகளுக்கு அடையாள மார்க் எழுதும் வேலை பார்த்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் என் தாயார் காதர் பீவியிடம் குர்ஆன் ஓதவும், தமிழ்ப் பேச்சை அரபு எழுத்தில் எழுதவும் படித்திருந்தார். எங்கள் தெருப் பெண்களில் பலருக்கு இந்த எழுத்துத் தெரியும். கடிதம், மருந்துக் குறிப்பு, குழந்தை பிறந்த நாள் எல்லாம் அதில்தான். அது வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் போகும். நானும் சிறுவயதில் கற்றேன். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். தேறியபின் அது தெரியாதவன் போல் நடந்துகொண்டேன்.

3. வாரப் பத்திரிகைகளில் கட்டம் கட்டமாகப் படம் போட்டு, பேசுகிறவர் வாய்க்கு மேலே வட்டம் போட்டு, அதற்குள் பேச்சை எழுதி வரும் படக்கதைகளைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். சலூனில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்போம். அண்ணன் வலக்கோடிக் கட்டத்திலிருந்து தொடங்குவார். செத்துக் கிடந்தவன் எழுந்து உட்காருவான், கத்தி அவன் வயிற்றிலிருந்து வெளியே வரும், திருடன் பின்னாலேயே நடந்து வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அவர் சொன்ன கதைகளில் யாரும் சாகவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. இதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

4. 1955இல் எங்கள் அத்தா (தகப்பனார்), வேலை செய்த இடத்தில் சுண்ணாம்புக் குழியில் விழுந்து இறந்தார். அதன்பின் அண்ணன் பேச்சைக் குறைத்தார். சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க மறுத்தார். ஒரு தர்காவில் நாற்பது நாள் சங்கிலியில் வைத்திருந்தோம். ஊரார் சொன்னதையெல்லாம் செய்தோம். அவரிடம் என்னவென்று கேட்கவில்லை. வேலை போயிற்று. கட்டுக்குச் சுற்றும் காக்கித் தாளில், மார்க் எழுதும் மையால், படம் வரையத் தொடங்கினார். நீளத் தாள், ஒரே வரிசை, ஆறு கட்டம். வரைந்ததைக் கட்டிலுக்கு அடியில் வைப்பார். நாங்கள் ஒன்றைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை. ‘வரைஞ்சுக்கிட்டாவது கெடக்கட்டும்’ என்று நான் சொன்னது நினைவிருக்கிறது.

5. 1960 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, அடுத்த வீட்டு ஆசிரியர் திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களிடம் அண்ணன் தாமே போய் ஒரு தாளை நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. சிரித்தார். ஆசிரியர் தாளைப் பார்த்தார். இடக்கோடிக் கட்டத்தில் தாயின் பக்கத்தில் ஒருவன் படுத்திருக்கிறான். அடுத்ததில் கிணற்றருகே கத்தியுடன் நிற்கிறான். அடுத்து சந்தில் நடக்கிறான். அடுத்து ஒரு ஜன்னல், உள்ளே ஆசிரியர் சட்டையில்லாமல் தூங்குகிறார். அடுத்து ஒரு கை, ஓங்கிய கத்தி. கடைசிக் கட்டத்தில் ஒருவன் தரையில் கிடக்கிறான், அவனைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கூச்சல். ஆசிரியருக்குக் குடும்பம் இருக்கிறது. அவர் பயந்து போலீசில் கொடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

6. காவல் நிலையத்துக்கு என்னையும் தாயாரையும் அழைத்தார்கள். மற்ற நாற்பது தாள்களும் மேசைமேல் கிடந்தன. சப் இன்ஸ்பெக்டர் தாளை என் பக்கம் தள்ளி, ‘நீ படிச்சவன்தானய்யா, என்ன போட்டிருக்கான்னு சொல்லு’ என்றார். நான் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொன்னேன். ரைட்டர் எழுதிக்கொண்டார். வட்டங்களுக்குள் இருப்பது என்ன என்று கேட்டார். அது அரபு எழுத்துத் தமிழ். சற்று நேரம் உற்றுப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்ட நான், அந்த எழுத்து எனக்குத் தெரியும் என்று சொல்ல வெட்கப்பட்டேன். ‘கிறுக்கல்தான் சார்’ என்றேன். தங்கள் பட்டியலில் உள்ள அந்தச் சொல் என்னுடையது.

7. இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறைத்தால் இந்த மனுவும் பொய் மனுவாகும். அந்த வாரம் என் தங்கை உம்மு சல்மாவைப் பெண் பார்க்க வேடசந்தூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். வீட்டில் அண்ணன் இல்லாதிருந்தால் நல்லது என்று நினைத்தேன். அவர் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர்கள் வந்தார்கள். நிக்காஹ் நடந்தது.

8. அன்று என் தாயாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்து, பெயருக்கு எதிரே ‘தற்குறி’ என்று எழுதி, பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். அந்த அறையில் அந்தத் தாள்களைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஐயா, எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சர்க்கார் காகிதங்கள் எத்தனை ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்கின்றன என்று எனக்குத் தெரியாது. அவர்களில் எத்தனை பேரிடம் ‘உங்களுக்கு எந்த எழுத்துத் தெரியும்’ என்று கேட்டார்கள் என்பது ஓரளவு தெரியும்.

9. இரண்டாண்டுக்குப் பிறகு இதை எழுதக் காரணம் ஒரு கத்தி. கடந்த மே மாதம் எங்கள் தெருக் கிணறு வற்றியதால் தூர் வாரினார்கள். சேற்றில் தோல் சீவும் கத்தி ஒன்று கிடைத்தது. பிடியில் அண்ணன் கையால் செதுக்கிய எங்கள் அத்தாவின் மார்க். கொலை செய்யக் கிணற்றிலிருந்து கத்தியை எடுத்தவர் என்று நான் வாக்குமூலம் கொடுத்தேன். எடுத்த கத்தி கிணற்றுக்குள்ளேயே எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து, நினைவிலிருந்த ஆறு கட்டங்களையும் ஒரு தாளில் கோணல்மாணலாக வரைந்து தாயாரிடம் காட்டினேன். அவர் வலப்பக்கம் விரலை வைத்தார். கட்டம் கட்டமாக இடக்கோடிவரை நகர்த்தினார். பிறகு கேட்டார்: ‘ஏலே, இதை இங்கிட்டிருந்தா படிச்சுச் சொன்ன? அங்கிட்டிருந்துல்ல வரணும்.’

10. அங்கிருந்து பார்த்தால் கதை இது. அண்ணன் தரையில் கிடக்கிறார், அவரைச் சுற்றிக் குரல்கள். கத்தியை எடுக்கிறார். ஆசிரியரின் ஜன்னலில் நிற்கிறார். சந்தில் திரும்பி நடக்கிறார் (நடப்பவரின் பாதங்கள் இடப்பக்கம் பார்க்கின்றன, அதையும் நான் கவனிக்கவில்லை). கத்தியைக் கிணற்றில் போடுகிறார். அரிசி புடைக்கும் தாயின் பக்கத்தில் வந்து படுக்கிறார். அந்தக் கட்டத்திலும் வட்டங்கள் உண்டு. அவை காலியாக இருக்கின்றன. தாளை ஆசிரியரிடம் கொடுத்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் நனைந்த காலோடு வந்து தம் பக்கத்தில் படுத்தார் என்றும், ‘அம்மா, சத்தம் அடங்கிருச்சு’ என்றார் என்றும் என் தாயார் இப்போது சொல்கிறார். மறுநாள் அவர் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது மிரட்டல் அல்ல. நான் உங்களை ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

11. இதை ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களிடம் போய்ச் சொன்னேன். அவர், ‘ஜன்னல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனவனையாப்பா நாம அம்புட்டுத் தூரம் அனுப்பி வச்சோம்?’ என்றார். தம் பழைய புகாரைத் திரும்பப் பெறும் கடிதத்தை இத்துடன் தந்திருக்கிறார்.

12. அனுமதி பெற்று, இம்மாதம் 11ஆம் தேதி ஆவண அறையில் தாயாரும் நானும் ஒரு மணி நேரம் அந்தத் தாள்களைப் பார்த்தோம். கட்டை அவிழ்த்த குமாஸ்தா, ‘பைத்தியம் வரைஞ்சதை வாங்கி என்ன செய்யப் போறீரு, பிரேம் போட்டு மாட்டப் போறீரா?’ என்றார். அவரிடம் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. தாயார் வட்டங்களுக்குள் இருந்ததைப் படித்துச் சொன்னார். முதல் தாளில் ஒரே ஒரு சின்ன வட்டம். அதன் வால் எந்த மனிதனின் வாய்க்கும் போகவில்லை, சுண்ணாம்புக் குழிக்குள் போகிறது. அதில் இருப்பது அத்தாவின் பேச்சு: ‘மீரானு, ஒரு கை குடுப்பா.’ பத்தாவது தாளில் சுவர் பேசுகிறது, கிணறு பேசுகிறது. தாளுக்குத் தாள் வட்டங்கள் பெரிதாகின்றன, அண்ணன் சிறிதாகிறார். முப்பத்தாறாவது தாளில் கட்டம் முழுக்க வட்டம்தான், மூலையில் அவருடைய ஒரு பாதம் மட்டும் தெரிகிறது. ஆசிரியரிடம் கொடுத்த நாற்பத்தொன்றில், ‘வாத்தியாரு தண்ணியில மருந்தைப் போட்டுட்டாரு, நீ போகலேன்னா உன் தங்கச்சி குடிச்சிருவா’ என்று எல்லாத் திசையிலிருந்தும் குரல்கள் சொல்கின்றன. தங்கையைக் காப்பாற்றத்தான் அவர் கத்தியை எடுத்தார். எடுத்தும், அந்தக் குரல்களை மீறித் திரும்பி வந்தார். ஐந்தாண்டு ஒரே கூரையின் கீழ் இருந்து நான் தெரிந்துகொள்ளாததை அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். அவர் தமக்கு என்ன நேர்கிறது என்று தாள் தாளாக எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் அதன்மேல் கட்டிலைப் போட்டிருந்தோம்.

13. சென்னை மருத்துவமனையில் அண்ணனைக் கவனிக்கும் டாக்டரை மூன்று வாரத்துக்கு முன் பார்த்தேன். அவர் நல்லவர். ‘மருந்து கொடுக்கிறேன், ஆனால் உள்ளே என்ன கேட்கிறது என்று இவர் வாய் திறந்து சொல்வதில்லை. அந்தத் தாள்கள் கிடைத்தால் எனக்குப் பாதி வழி தெரிந்துவிடும்’ என்றார். எழுதுகோல் கொடுக்கலாமே என்று கேட்டேன். கொலை நோக்கமுள்ளவர் என்று உத்தரவில் இருக்கும்வரை கூர்மையான எதுவும் கொடுக்க விதி இல்லை என்று, அந்த உத்தரவின் நகலையே எடுத்துக் காட்டினார். என் வாக்குமூலம் அதில் வரிக்கு வரி இருந்தது.

14. அன்று அண்ணனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் எனக்கு வந்த டீயில் விரலைத் தொட்டு, பெஞ்சுப் பலகையில் கட்டம் போட்டார், வலக்கோடியிலிருந்து. ஆறாவது கட்டத்தை அவர் முடிப்பதற்குள் முதல் கட்டம் காய்ந்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் வழக்கம்போல் இடப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

15. ஆகவே ஐயா, தாங்கள் செய்ய வேண்டுவது:

(அ) பதினேழாவது இனத்தை எரிப்புப் பட்டியலிலிருந்து நீக்கி, 41 தாள்களையும் வரிசை கலையாமல் மேற்படி டாக்டருக்கு அனுப்ப உத்தரவிட வேண்டும். எந்த வரிசை என்று என் தாயார் காட்டுவார்.

(ஆ) 1960ஆம் ஆண்டு நான் கொடுத்த வாக்குமூலத்தைத் தள்ளி, இதைப் பதிவு செய்து, ‘கொலை நோக்கமுள்ள’ என்ற சொற்களை நீக்க ஆவன செய்ய வேண்டும். பொய் வாக்குமூலத்துக்கு என்மீது நடவடிக்கை எடுக்க விதி இருந்தால் எடுக்கலாம். ஆட்சேபம் சொல்லமாட்டேன்.

(இ) இவ்விரண்டும் முடிய நாளாகும் என்றால், அதுவரை அவருக்குக் காக்கித் தாளும், கூரில்லாத மைத் தூரிகை ஒன்றும் கொடுக்க மட்டுமாவது மருத்துவமனைக்கு ஒரு வரி எழுத வேண்டும். வாங்கி அனுப்ப நான் தயார்.

என் அண்ணன் குணமாகி வந்துவிடுவார் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. நானும் தங்களிடம் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொல்வதைச் சரியான பக்கத்திலிருந்து ஒருமுறையாவது யாராவது கேட்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இணைப்பு:
1. ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் அவர்களின் கடிதம்.
2. கிணற்றில் கிடைத்த கத்தி, தூர் வாரியவர்களின் சாட்சிக் கையெழுத்துடன்.
3. நாற்பத்தொன்றாவது தாளின் நகல். கட்டங்களுக்குச் சிவப்பு மையில் எண் போட்டிருக்கிறேன். ஒன்று என்ற எண் வலக்கோடியில் உள்ளது.

இடம்: திண்டுக்கல்
நாள்: 18-6-1962

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
அ. சனாவுல்லா

மேலே கண்டவற்றை என் மகன் எனக்குப் படித்துக் காட்டினான். சரியே. இதன் கீழ் உள்ளது என் கையெழுத்து. அது வலப்பக்கத்தில் தொடங்குகிறது. ரேகை வைக்கவில்லை.
(அரபு எழுத்தில்) காதர் பீவி