மடங்கும் ஒயர், உடையும் ஒயர்

அன்பு மகள் லினெட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், என் மூக்கைத் தவிர. வீடியோவில் முகம் காட்டாமல் தபால் ஆபீசைத் தேடிப் போனதற்கு அதுதான் காரணம், கத்திரிக்காய் மாதிரி வீங்கி அதே கலரில் இருக்கிறது. நீ சொன்னாய் என்று டிவிக்கு ஃபைபர் போட ஆள் வரச் சொன்னேன். பிள்ளைச்சாவடியிலிருந்து அரிகிருஷ்ணன் என்று ஒருத்தன் வந்தான், கல்யாணமான பிள்ளை, மரியாதையாகப் பேசினான். கேபிளுக்கு ஒரு பெட்டி, ஒரு ரிமோட்டு, சுண்டுவிரல் பருமனில் ஒரு கருப்பு ஒயர், அவ்வளவுதானே. இந்த ஃபைபருக்கு மோடம் தனி, டிவிப் பெட்டி தனி, ரெண்டுக்கும் பிளக் தனி, மிக்சி போட இடமில்லை என்று அம்மா சண்டை. ஆனால் மழை பெய்தால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறாதாம். இந்த ஒயர் உள்ள இருக்கறது கண்ணாடி சார், மடக்கினா ஒடஞ்சிடும், சுருட்டி ஆணியில மாட்டிடாதீங்க என்று சொல்லிவிட்டு, தெருக் கம்பத்திலிருந்து ஒயர் இழுக்க ஏணி போட்டான்.

அப்போதுதான் நம் தெரு கேபிள்காரர் கோவிந்தசாமி ரெண்டு ஆட்களோடு வந்து, எந்த வூட்டுக்குடா இழுக்கற என்று கேட்டு ஏணியை உதைத்தார். விழுந்தவன் கை முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒடிந்தது, அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கிறது. தன் வண்டியில் கிடந்த கேபிள் ஒயரை நாலாக மடித்து, எந்த வூட்டுக்கு, எந்த வூட்டுக்கு என்று கேட்டுக் கேட்டு விளாசினார், சட்டையோடு தோலும் கிழிந்தது. அந்த ஒயர் மடங்குமே தவிர உடையாது. கூட வந்த ஒருத்தன் வாயில் உதைத்தான். அரிகிருஷ்ணன் பல்லையும் ரத்தத்தையும் சேர்த்துத் துப்பிவிட்டு, வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தான், வீட்டை மட்டும் சொல்லவில்லை. உன் அப்பன் நான் என்ன செய்தேன் தெரியுமா, புது ரிமோட்டை லுங்கி மடிப்பில் ஒளித்துக்கொண்டு உள்ளே ஓடினேன், ஓடிய வேகத்தில் பாத்ரூம் கதவில் மோதியதுதான் இந்த மூக்கு. தெருவில் கதை வேறு. பிரான்சுவா அண்ணன் தடுக்கப் போயி அடி வாங்கிட்டாரு என்று எதிர்வீட்டு அஞ்சலாட்சி என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் அவன் பொஞ்சாதி சரிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க ஒருத்தராவது வந்தீங்களே ஐயா என்று அழுகிறாள். தாடையில் கட்டுப் போட்டிருந்த அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அவனே தவறி விழுந்தான் என்று கோவிந்தசாமி ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறாராம். நாளைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். போகாதீங்க என்கிறாள் அம்மா, நான் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். பாரிஸ் குளிரில் குல்லா இல்லாமல் வெளியே போகாதே, ஞாயிறு பூசையை விடாதே. மாதா உன் கூடவே நடப்பாள்.

இப்படிக்கு, மூக்கு வீங்கிய உன் அப்பா,
பிரான்சுவா

அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன். எந்த வூட்டுக்கு என்று அவர் கேட்டபோது என் தொண்டை வரை வந்து நின்றது இவ்வளவுதான்: என் வூட்டுக்கு.