எழுபத்தோராம் பக்கத்து மேஸ்திரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டா முறைச்சுக்குது. நீ அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியா இருக்கணும்னுதான் தினமும் நினைச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல பேசுறோமே, இப்ப என்ன புதுசா கடிதாசின்னு நீ கேப்ப. மூணு ஞாயிறா இதைச் சொல்லணும்னு வாயைத் திறந்தேன், நீ வேற என்னம்மான்னு கேட்டதும் வேற ஒண்ணுமில்லடின்னு சொல்லிட்டு வச்சுட்டேன். பேப்பர்ல எழுதினா நடுவுல யாரும் வேற என்னன்னு கேக்க மாட்டாங்க. அதனால பொறுமையா கடைசி வரைக்கும் படி, பாதியில கோவம் வந்தா மூடி வச்சுட்டு அப்புறமா படி, ஆனா படிச்சு முடி.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நம்ம வீட்டுக்கு ஒரு பேட்டிக்காரத் தம்பி வந்தார். தம்பின்னு சொல்றேனே ஒழிய தலை பாதி நரைச்சாச்சு. ஊர் ஊராப் போய், யாரும் போகாத வழியில தானே ஒண்ணைக் கண்டுபிடிச்சு தானே தொழில் நடத்துறவங்களை உக்கார வச்சு, நீங்க எப்படி ஆரம்பிச்சீங்க, எங்க விழுந்தீங்க, எப்படி எந்திரிச்சீங்கன்னு கேட்டுப் பதிவு பண்ணிப் புத்தகமாப் போடுறார். இப்ப அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி குடும்பத்துல யாராவது ஒரு தடவை படிச்சுப் பார்த்துத் தப்பு இருந்தா சொல்லுங்கன்னு தாளையெல்லாம் கட்டா எனக்கு அனுப்பி வச்சிருந்தார். நான் மொத்தமாவே படிச்சேன். கண்ணு தெரியாதவங்களுக்குத் துணியோட நிறத்தைத் தொட்டுத் தெரிஞ்சுக்கற மாதிரி ஓரத்துல முடிச்சு போட்டுத் தைக்கிற ஒரு தையல்காரம்மா இருக்காங்க, பதினோரு வருஷம் யாரும் சீண்டலையாம். பழைய கடிகாரத்தை எல்லாம் பிரிச்சு, மாத்திரை போடுற நேரத்துக்கு மணியடிக்கிற டப்பா செஞ்ச ஒரு கண்டக்டர் இருக்கார், அந்த டப்பா பஸ்ல அவர் பையிலேயே அடிச்சு எல்லாரும் குதிச்சு இறங்கிட்டாங்களாம். சிரிப்பா வந்துச்சு எனக்கு. உங்கப்பா போன இந்த எட்டு மாசத்துல அன்னிக்குத்தான் சத்தம் போட்டுச் சிரிச்சேன். அப்படியே பக்கத்தைப் புரட்டினா எழுபத்தோராம் பக்கத்துல உங்கப்பா.

படம்கூடப் போட்டிருக்காங்க, பட்டறை வாசல்ல வெல்டிங் கண்ணாடியை நெத்திக்கு மேல தூக்கி விட்டுட்டு, சட்டைப் பொத்தானைத் தப்பாப் போட்டுக்கிட்டு நிக்கிறார். சாயுற கட்டில் எப்படி வந்துச்சுன்னு விலாவாரியாச் சொல்லியிருக்கார். பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர் விழுந்து ரெண்டு வருஷம் படுத்த படுக்கையாக் கிடந்தது, முதுகெல்லாம் புண்ணானது, புரட்டிப் போட அவர் பொண்டாட்டி ஒருத்தியால முடியாம அழுதது, அதைப் பார்த்துட்டு வந்து இவர் கைப்பிடி சுத்தினா ஒரு பக்கம் தூக்குற கட்டில் செஞ்சது எல்லாம். முதல் கட்டில்ல பலகை மொத்தமாச் சாஞ்சு லேத்துக்காரர் சறுக்கிக்கிட்டே போய்ச் சுவத்துல முட்டி, இவரைக் கெட்ட வார்த்தையில திட்டினாராம், நல்ல வேளை அது எதையும் அச்சுல போடலை. அதுக்கப்புறம் இப்படி வருது, அப்படியே எழுதுறேன். மேஸ்திரி வந்து பார்த்தாரு, தானே அதுல ஏறிப் படுத்தாரு, ஒரே பலகை வேண்டாம், நீளவாக்குல மூணாப் பொளந்துருங்க, ஓரம் ரெண்டும் தூக்கட்டும், நடுப்பலகை அசையக் கூடாது, அப்பத்தான் ஆளு நழுவ மாட்டாரு அப்படின்னாரு, சாக்பீஸ் எடுத்துத் தரையிலேயே போட்டும் காட்டினாரு, என் மூளையில முப்பது வருஷம் ஏறாத விஷயம்.

இதைப் படிச்சதும் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. கீழ குட்டி எழுத்துல பேட்டிக்காரத் தம்பி ஒரு குறிப்பு போட்டிருக்கார். இந்த மேஸ்திரியின் பெயர் தெரியவில்லை, மனத்தாங்கல் காரணமாக அவர் பின்னர் வேலையை விட்டு நீங்கிவிட்டதாகத் தெரிகிறது, அப்படின்னு. பாவம், அவரைச் சொல்லிக் குத்தமில்ல. அவரு அவருன்னு உங்கப்பா சொன்னதும் யாரோ மீசை வச்ச ஆம்பளைன்னு முடிவு கட்டிட்டார். அஞ்சு வயசுல இடுப்புல கையை வச்சுக்கிட்டுப் பட்டறை நடுவுல நின்னு, அப்பா இந்தக் கதவு கோணல்னு நீ சொன்ன அன்னிக்கு வச்ச பேரு அது. அன்னிலேருந்து உன்னை நீ வான்னு அவர் பேசினதே கிடையாது. மேஸ்திரி எந்திரிச்சாரா, மேஸ்திரிக்குப் பால் குடுத்தியா, மேஸ்திரி பரீட்சை எழுதிட்டு வந்துட்டாரா, எல்லாம் மரியாதைதான். எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். பொம்பளைப் பிள்ளைக்கு நல்ல பேரு வச்சிருக்கு, அதை விட்டுட்டு என்ன மேஸ்திரின்னு சண்டை போடுவேன். நான் ஒரு நாளும் உன்னை அப்படிக் கூப்பிட்டதில்ல, உனக்கே தெரியும்.

இப்ப நான் சொல்ல வேண்டியதைச் சொல்றேன். உக்காந்துக்கோ. ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த ஆஸ்பத்திரிச் சங்கத்துக்காரங்க உங்கப்பாவை மேடையில ஏத்தி மரியாதை பண்ணினாங்களே, நீ கூட முதல் வரிசையில உக்காந்திருந்தியே. இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்ததுன்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் கேட்டதுக்கு, தானா தோணுச்சுங்கன்னு சொன்னார் உங்கப்பா. அந்த ஒரு வார்த்தைதான். வீட்டுக்கு வந்து நீ, தானா தோணுச்சாப்பான்னு ஒரே ஒரு தடவை கேட்ட. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு செருப்பைக் கழட்டினார். அடுத்த மாசமே நீ வேண்டாம் வேண்டாம்னு தள்ளி வச்சிருந்த மேல்படிப்புக்குப் பெட்டியைக் கட்டிட்ட. அப்பா உன் யோசனையைத் திருடிட்டார்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்க. அவர் திருடலைடி. நான்தான் வாயைக் கட்டினேன்.

மேடைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகிக்கிட்டு இருந்தார். இது என் மகள் குடுத்த யோசனை, எழுந்திருங்க மேஸ்திரி, எல்லாரும் பார்க்கட்டும், அப்படின்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தார், எழுந்திருங்கங்கற இடத்துல ஒவ்வொரு தடவையும் நிறுத்திட்டு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சார். நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னேன். உங்களுக்கு அறிவிருக்கா, படிக்க இடம் கிடைச்சும் போக மாட்டேன் பட்டறையிலயே இருப்பேன்னு அவ ஒத்தைக் கால்ல நிக்கிறா, நாளைக்கு மேடையில அவ பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்கிக் குடுத்துட்டா அவ ஜென்மத்துக்கும் இந்தப் புகையிலதான் கிடப்பா, வெல்டிங் வெளிச்சத்துல உங்க கண்ணு போனது பத்தாதா, அவ கண்ணும் போகணுமான்னு கத்தினேன். அவர் பேரை எந்த இடத்துலயும் சொல்லக் கூடாதுன்னு, பாரு, எனக்கே அவருன்னு வருது, உன் பேரை எங்கயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். கண்ணாடியை விட்டு நகந்து வந்து, சரி, நீ பெத்தவ, உனக்குத் தெரியும்னு சொன்னார். நீ கேட்டப்ப கூட என்னைக் காட்டிக் குடுக்கலை. உன்னை எட்டப் போக வைக்கணும்னுதான் நினைச்சேன், நீ இவ்வளவு எட்டப் போயிடுவன்னு நினைக்கலை.

போகட்டும், ஆறு மாசத்துல சரியாயிடும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆறு மாசம் ஒரு வருஷமாச்சு, வருஷம் கூடக் கூடச் சொல்றதுக்கு வாய் வரலை. ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணினா உங்கப்பா கதவுக்குப் பக்கத்துல எதையோ தேடுற மாதிரி நிப்பார். நீங்களே பேசுங்களேன்னு நீட்டுவேன். அவரு என்னைக் கேக்கலையேன்னு நகந்துடுவார். நான் போனை வச்சதும் ஒரே கேள்விதான் கேப்பார், மேஸ்திரி சாப்ட்டாரான்னு. சாப்ட்டாளாம்னு சொன்னாத்தான் அவர் தட்டுக்கு வருவார்.

கடைசி மூணு வாரம் அவரே அந்தக் கட்டில்லதான் கிடந்தார், அது உனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நான் கைப்பிடியைச் சுத்துவேன், இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம். மேல்மாடியில குடியிருக்கிற நர்ஸ் கூட வந்து பார்த்துட்டு முதுகுல ஒரு புள்ளி புண்ணு இல்லைன்னு ஆச்சரியப்பட்டுப் போச்சு. ஒவ்வொரு தடவை சாயும்போதும் அவர் விரலால நடுப்பலகையைத் தட்டுவார், அசையுதான்னு பார்க்கிறாராம். அசையலைன்னதும் லேசாச் சிரிப்பார். எனக்கு மனசு அறுக்கும். அப்பவாவது உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். அவர் போனதுக்கு அப்புறம் நாலு நாள் வந்து இருந்தியே, பட்டறை வாசல் வரைக்கும் போய் நின்னு பார்த்துட்டு உள்ள போகாமத் திரும்பி வந்தியே, அதை நான் சமையலறை ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அப்பவும் சொல்லலை. உன்னையும் இழந்துடுவேனோன்னு பயம், வேற ஒண்ணுமில்ல.

பேட்டி எடுத்த அன்னிக்கு நான் வீட்டுல இல்ல. சர்க்கரை தீந்து போச்சு வாங்கிட்டு வாயேன்னு என்னைக் கடைக்கு அனுப்பிட்டார். வந்து பார்த்தா டப்பா நிறைய சர்க்கரை. கிழவருக்கு மறதி வந்துடுச்சுன்னு அப்ப திட்டினேன். மறதியா அது. உன் பேரைச் சொல்ல மாட்டேன்னு எனக்குக் குடுத்த வாக்கையும் காப்பாத்திக்கிட்டு, சொல்ல வேண்டியதையும் சொல்லிட்டுப் போயிட்டார், எமகாதகர்.

கட்டோட பதிவையும் கேளுங்கன்னு தம்பி அனுப்பியிருந்தார். எனக்குப் போன்ல அதெல்லாம் திறக்கத் தெரியாது, நர்ஸ் வந்து வச்சுக் குடுத்துட்டு, என் முகத்தைப் பார்த்துட்டு மெதுவா மாடிக்குப் போயிடுச்சு. எட்டு மாசம் கழிச்சு அந்தக் குரல். முதல்ல செருமுவாரே, அதுலயே நான் உடைஞ்சு போயிட்டேன். புத்தகத்துல போடாம விட்ட ஒரு இடம் அதுல இருக்கு. அந்த மேஸ்திரி இப்ப எங்க இருக்காருன்னு தம்பி கேக்கறார். தூரத்துல இருக்காரு, நம்ம மேல கோவம், நியாயமான கோவம்தான்னு சொல்றார் உங்கப்பா. இப்ப திரும்பி வந்தா அவர்கிட்ட என்ன சொல்வீங்கன்னு கேக்கறார். தெருவுல ஏதோ வண்டி போறது கேக்குது. அப்புறம், சொல்றதுக்கு என்னங்க இருக்கு, சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு அவருக்குத் தெரியும்னு சொல்றார்.

அவ்வளவுதான்டி கண்ணு. பட்டறையை வாடகைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தாங்க, குடுக்கலை. அதுக்காக நீ எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வான்னு நான் சொல்ல மாட்டேன், அதைச் சொல்ற தகுதி எனக்கில்ல. யாரோ செஞ்ச மெஷினுக்கு எப்படி ஓட்டுறதுன்னு நீ விளக்கப் புத்தகம் எழுதிக்கிட்டு இருக்கியே, அந்த வேலைக்கு உன்னைத் துரத்தினவளே நான்தான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தம்பி வர்ற மாசம் பத்தாம் தேதிக்குள்ள தாளைத் திருப்பி அனுப்பணும்னார். அந்தக் குட்டி எழுத்துக் குறிப்பை நான் பேனாவால அடிச்சுட்டேன். பக்கத்துல ஓரத்துல இடம் விட்டு வச்சிருக்கேன். மேஸ்திரி யாருன்னு அங்க எழுத வேண்டியது நீ. உங்கப்பா அன்னிக்கு மேடையில ஏன் பொய் சொன்னார்னும் தம்பியைப் போடச் சொல்லு, என் பேரைப் போட்டே எழுதட்டும், எனக்கு வெக்கமில்ல. அந்தத் தாளையும், நர்ஸ் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்த பதிவையும் இதோட சேர்த்து அனுப்பியிருக்கேன். தனியா இருக்கும்போது கேளு, ஆபீஸ்ல வச்சுக் கேக்காதே.

என்னை மன்னிக்கணும்னு எழுத உக்காந்தேன், அந்த வார்த்தையை எழுதினா நீ உடனே சரின்னு சொல்லிடுவ, அதனால எழுதலை. கோவப்படு, நல்லாக் கோவப்படு, ஆனா கோவத்தை என் மேல மாத்திக்கோ, அவர் மேல வேண்டாம். குளிருக்குக் காதை மூடிக்கோ, கண்ணுக்கு டாக்டரைப் பார்க்கணும்னியே, தள்ளிப் போடாதே. நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், எடுத்த காரியம் எல்லாம் கைகூடணும். பத்தாம் தேதியை மறந்துடாதே. வர்ற ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணுவியோ மாட்டியோ தெரியலை, பண்ணினா வேற என்னன்னு கேக்காதே. முதல் கேள்வியை நான் கேக்கறேன், அவர் கேக்க வேண்டியது, கேட்டுட்டுத்தான் நான் தட்டுல கை வைப்பேன். இங்கயே கேட்டுடறேன்.

மேஸ்திரி சாப்ட்டாரா?

இப்படிக்கு,
உன் அம்மா